தாச்சியா, மெஷினா? வீட்டில் கோப்பி வறுக்கத் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

கொக்குவிலில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா கனடாவில இருந்து வாறார். கோப்பி வறுக்கிற மெஷின் ஒண்டு கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லட்டோ?" அவருக்குப் பதில் எழுதுவதற்குள் வேறு இரண்டு பேர். ஒருவருக்கு பொப்கோர்ன் மெஷினில் வறுக்கலாமா என்று தெரிய வேண்டும். மற்றவருக்கு அம்மம்மாவின் இரும்புத் தாச்சி பரணில் கிடக்கிறது, அது காணுமா என்று கேள்வி.

மூன்றும் ஒரே கேள்விதான். நான் தாச்சியிலும், கையால் சுற்றும் உருளையிலும், பொப்கோர்ன் மெஷினிலும் என் சொந்தக் காசில் கொட்டையைக் கருக்கியிருக்கிறேன். இதற்கென்றே செய்த மின்சார மெஷினில் நண்பர் வீட்டில் வறுத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

கணக்கில் இருந்து தொடங்குவோம். நாலு பேர் உள்ள வீடு, காலையும் மாலையும் கோப்பி என்றால் நாளைக்கு 8 பேணி. ஒரு பேணிக்கு ஒரு தேக்கரண்டித் தூள், ஏறக்குறைய 5 கிராம். நாளைக்கு 40 கிராம், கிழமைக்கு 280. பச்சைக் கொட்டை வறுபடும்போது எடையில் 15 முதல் 20 வீதம் போய்விடும். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஆகவே கிழமைக்கு 340 கிராம் அளவில் பச்சைக் கொட்டை வறுக்க வேண்டும். அதை ஒன்றிரண்டு தரத்தில் முடிக்க முடியுமா, நாலைந்து தரம் நிற்க வேண்டுமா? தொடங்குகிறவர்கள் யோசிக்க மறப்பது இதைத்தான். முதல் கிழமை ஐந்து தரம் வறுக்கும் உற்சாகம் ஐந்தாம் கிழமை இருக்காது.

அடுத்தது, எப்படிக் குடிக்கிறீர்கள் என்பது. மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, சீரகம் சேர்த்து இடித்த தூள்தான் வீட்டுப் பழக்கம் என்றால் வறுவலில் உள்ள சின்னச் சின்னப் பிழைகள் அதற்குள் மறைந்துவிடும். பாலும் சீனியும் போட்டாலும் அப்படியே. வெறும் கோப்பியாகக் குடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு பிடி கருகினாலும் நாக்கில் தெரியும்.

மூன்றாவது, கொட்டையைப் பார்க்கவும் அதன் சத்தத்தைக் கேட்கவும் முடிகிறதா என்பது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வறுப்பது என்ற வேலையே இதுதான்.

பச்சைக் கொட்டை அடுப்பில் ஏறி நாலைந்து நிமிடத்தில் வெளிறி மஞ்சளாகும். அப்போது வருவது கோப்பி வாசம் அல்ல, வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசம். பிறகு பாண் கருகும் வாசம். கொட்டை பழுப்பாகி, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தோல் கழன்று பறக்கத் தொடங்கும். கொட்டையின் சூடு 200 பாகை செல்சியசை நெருங்கும்போது முதல் வெடிப்பு. கச்சான் கோது உடைக்கிற மாதிரி, ஒன்று, இரண்டு, பிறகு தொடர்ச்சியாக. அது ஓய்கிற இடத்தில் இறக்கினால் இள வறுவல். இறக்காமல் விட்டால் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு 225 பாகையளவில் இரண்டாம் வெடிப்பு: நாவூறு கழித்து உப்பை அடுப்பில் போட்டால் படபடக்குமே, அந்த மெல்லிய சத்தம். கொட்டையில் எண்ணெய் மினுங்கத் தொடங்கும். நம் வீடுகளில் பழகிய கறுத்தக் கோப்பி இங்கேதான் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு நிமிடம் கூடினால் கரி.

வைக்கோல் வாசத்தில் இருந்து கரி வரைக்கும் மொத்தம் கால் மணி நேரம்; கடைசி இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணையும் காதையும் மறைக்கிற கருவி எவ்வளவு விலை கூடினாலும் தொடங்குபவருக்கு உதவாது.

மற்றவை சுருக்கமாக: புகை எங்கே போகும், கரண்ட் இல்லாத நாளில் என்ன செய்வது, எவ்வளவு விரைவில் ஆற வைக்கலாம். ஆற வைப்பது ஏன் முக்கியம் என்றால், அடுப்பில் இருந்து இறக்கிய கொட்டை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கும். நாலு நிமிடத்துக்குள் கை வைக்கிற சூட்டுக்கு வர வேண்டும்.

## இரும்புத் தாச்சியும் அகப்பையும்

பலருக்கு இது செலவில்லாத வழி. அகலமான, கனமான இரும்புத் தாச்சி, நீளப் பிடி உள்ள மர அகப்பை, நடுத்தரச் சூடு. ஒரு தரத்துக்கு 250 கிராம், 15 நிமிடம் அளவில். கிழமைக் கணக்கு இரண்டு தரத்தில் முடிந்துவிடும். காஸ் இல்லாவிட்டால் விறகு. 2022 இல் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் நிறுத்தியதும், காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும் மறந்திருக்காது.

குறை என்ன? சீராக வறுபடாது. தட்டையான பக்கம் அடியில் பட்டுப் புள்ளி புள்ளியாகக் கருகும், சில கொட்டை பின்தங்கி நிற்கும். திருவிழாக் காலத்தில் கோவில் வீதியில் கச்சான் வறுப்பவர்களைப் பாருங்கள். சூட்டு மணலைப் போட்டு, கை ஓயாமல் அடியில் இருந்து மேலே அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், வட்டமாகக் கிண்டுவதில்லை. அந்தக் கைதான் இங்கேயும் வேண்டும். மணல் மட்டும் வேண்டாம், கோப்பிக் கொட்டையின் நடுக்கோட்டுக்குள் புகுந்தால் போகாது.

மறைந்திருக்கும் செலவு உங்கள் தோள் மூட்டு. 15 நிமிடத்தில் ஒரு கணமும் கையை எடுக்க முடியாது. நான் ஒரு தரம் தொலைபேசி அடித்ததென்று திரும்பினேன், அவ்வளவுதான். அன்றைய கொட்டை பல் தீட்டத்தான் உதவியிருக்கும்.

அலுமினியத் தாச்சி மெல்லியது, நெருப்புப் படும் இடத்தில் மட்டும் கொதிக்கும். மண்சட்டியில் வறுக்கலாம், ஆனால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அடுப்பை அணைத்தாலும் கொட்டை கறுத்துக்கொண்டே போகும். நொன்ஸ்டிக் சட்டி வேண்டவே வேண்டாம். 260 பாகைக்கு மேலே அந்தப் பூச்சு கெட்டுப் புகைவிடும். கோப்பி வறுக்கிற சட்டியின் அடி அதைச் சுலபமாகத் தாண்டும்.

தாச்சி யாருக்கு? மல்லிக் கோப்பி குடிக்கும் வீட்டுக்கு வேறு யோசனையே தேவையில்லை. மல்லியையும் வேர்க்கொம்பையும் வறுக்கத் தாச்சி எப்படியும் அடுப்பில் ஏறத்தான் போகிறது. அவற்றைக் கோப்பியோடு சேர்த்துப் போடாமல் தனியாக வறுங்கள். மல்லி மிக விரைவில் கருகும்.

## கையால் சுற்றும் உருளை

கம்பி வலையிலோ துருப்பிடிக்காத இரும்பிலோ செய்த உருளை, ஒரு பக்கம் கைபிடி, அடுப்புக்கு மேலே தாங்கி. இணையத்தில் வாங்கலாம். படத்தைக் காட்டினால் வெல்டிங் கடையிலும் செய்து தருவார்கள். 200 முதல் 300 கிராம் போகும். தாச்சியை விடச் சீராக வறுக்கும், புரட்டும் வேலையை உருளையே பார்த்துக்கொள்வதால் கைக்கும் ஆறுதல்.

மூடிய உருளை என்றால் நிறம் தெரியாது, சத்தத்தையும் வாசத்தையும் நம்பி இறக்க வேண்டும். வலை உருளை என்றால் நிறம் தெரியும், ஆனால் கழன்ற தோல் எல்லாம் அடுப்புக்குள் விழுந்து பொறியாய்ப் பறக்கும். பர்னர் துவாரங்கள் அடைபட்டு அடுத்த நாள் இடியப்பம் அவிக்கும்போது நெருப்புச் சிவப்பாக எரியும், அதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பழத்தோடு காயவைத்து உடைத்த கொட்டையில் தோல் இன்னும் அதிகம்.

இன்னொரு சிக்கல் காற்று. சோளகம் வீசும் மாதங்களில் குசினிக்கு வெளியே அடுப்பை வைத்துச் சுற்றினால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து பாதிச் சூடு வீணாகும். மூன்று பக்கம் தகரம் மறைப்பு வைத்தால் சரி.

தாச்சியில் ஏழெட்டுத் தரம் வறுத்துச் சத்தம் பழகியவருக்கு, கிழமைக்கு அரைக் கிலோ போகும் வீட்டுக்கு, இது நல்ல அடுத்த படி. முதல் படியாக நான் சொல்ல மாட்டேன்.

## பொப்கோர்ன் மெஷின்

சூட்டுக் காற்றை ஊதிச் சோளம் பொரிக்கும் சின்ன மெஷின். கோப்பிக் கொட்டையையும் அந்தக் காற்றே மிதக்கவிட்டு வறுக்கும். எந்தக் கொட்டையும் ஓரிடத்தில் நின்று கருகாது, வறுவல் சீர். தோலைத் தானே வெளியே ஊதிவிடும். நாலு முதல் ஏழு நிமிடம், ஒரு தரம் முடிந்தது. இவ்வளவு மலிவில் இவ்வளவு சீரான வறுவல் வேறு எதிலும் கிடைக்காது.

ஆனால் ஒரு தரத்துக்கு 80 கிராம்தான். 340 கிராமுக்கு நாலைந்து தரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெஷினை ஆறவிட வேண்டும். நம் மதிய வெயிலில் அது விரைவில் ஆறாது. சூடு கூடினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பான் தானே நிறுத்திவிடும். அதனால் விடியக்காலையில் வறுப்பது நல்லது. 1200 வாட் மெஷின் 6 நிமிடம் ஓடினால் 0.12 அலகு; ஐந்து தரத்துக்கு 0.6 அலகு. கரண்ட் பில்லில் இது பெரிய விஷயம் இல்லை.

வோல்ட்தான் பெரிய விஷயம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும் நேரத்தில், வயர் நீண்டு போகும் ஊர்களில் 230 வோல்ட் 210 க்கு இறங்கினால் சூடாக்கும் கம்பியின் வலு 17 வீதம் குறையும். அதே கொட்டை, அதே மெஷின், காலையில் 6 நிமிடத்தில் வெடித்தது மாலையில் 9 நிமிடமாகியும் வெடிக்காமல் வெறுமனே வெதும்பும். இதை அறியாமல் கொட்டை விற்ற கடைக்காரரை நான் ஒரு மாதம் மனதுக்குள் திட்டினேன்.

வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சூட்டுக் காற்று பக்கச் சுவரில் உள்ள சாய்ந்த வெட்டுகள் வழியாக வர வேண்டும். அடியில் வலை வழியாக வரும் வகையில் தோல் கீழே சேர்ந்து தீப்பிடிக்கலாம். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடி சோளம் பொரியும் சூட்டுக்குச் செய்தது. இரண்டாம் வெடிப்பு வரை போனால் வளையும். என் மெஷினின் மூடி இப்போது தொப்பி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பறக்கும் தோலைப் பற்றி வேறு சொல்ல வேண்டும்: குசினிக்குள் வைத்தால் திரைச்சீலையில் தொடங்கி ஊறுகாய்ப் போத்தல் மூடி வரைக்கும் படியும். விறாந்தையில் வையுங்கள்.

ஒருவரோ இருவரோ உள்ள வீடு, வெறும் கோப்பி, இள வறுவல் மேல் ஆசை, வாரத்துக்கு ஒரு புதுக் கொட்டையைச் சோதித்துப் பார்க்கும் குணம்: இப்படிப்பட்டவருக்கு இதுவே முதல் தேர்வு. கறுத்த வறுவல் பிரியருக்கு அல்ல.

கேக் போடும் அவண் பற்றியும் கேட்கிறார்கள். கொட்டை அசையாமல் கிடப்பதால் தட்டின் மூலைகள் கருகும், நடு வெளிறும். வீடு முழுக்கப் புகை. விட்டுவிடுங்கள்.

## இதற்கென்றே செய்த மின்சார மெஷின்

நேரம், சூடு, காற்று எல்லாம் பொத்தானில். ஆற வைப்பதும் அதுவே. சிலதில் தோல் சேகரிக்கத் தனித் தட்டு. ஒருமுறை நன்றாக வந்ததை மறுமுறையும் அப்படியே எடுக்கலாம் என்பது இதன் பெரிய பலம், தாச்சியில் அது நடக்காது. சின்ன வகைகள் 120 கிராமும் பெரிய வீட்டு வகைகள் 450 கிராம் வரையும் கொள்ளும்.

விலையை மட்டும் பார்க்காதீர்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கே வாங்கியதை இங்கே 230 வோல்ட்டில் நேரே செருகினால் சூட்டுக் கம்பி மூன்றரை மடங்குக்கும் மேலான வலுவை இழுத்து, ஒரு கணத்தில் கதை முடியும். 1500 வாட் மெஷினுக்கு, வோல்ட்டை இறக்கித் தரும் 2000 வாட் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அது ஒரு குழந்தையின் பாரம், அதன் விலையும் தனி. அது பூட்டினாலும் எல்லாம் சரியாகிவிடாது. அங்கே மின்சாரத்தின் அலைவெண் 60 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 60 அலை; இங்கே 50. அந்த அலைவெண்ணைப் பார்த்து ஓடும் மோட்டார் உள்ள உருளை இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். லண்டனில் இருந்தோ ஜெர்மனியில் இருந்தோ வருகிறவரிடம் சொன்னால் இந்தத் தலையிடி இல்லை, அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பழுதானால் உதிரிப்பாகத்துக்கு அடுத்த திருவிழா வரை காத்திருப்பது எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

சத்தம் இன்னொன்று. நண்பர் வீட்டு மெஷினில் விசிறி இரைச்சலில் முதல் வெடிப்பை நான் தவறவிட்டேன். காது பழகாதவருக்கு அந்தப் பொத்தான்கள் எல்லாம் அழகுதான்.

சின்னக் கோப்பிக் கடை வைக்கும் எண்ணம், அல்லது அயலட்டைக்கு விற்கும் எண்ணம் உள்ளவருக்கு ஒரே மாதிரியான சுவை தேவை, அவர் வாங்கலாம்.

## வறுக்காமலே இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான். பாலில் இரண்டு கரண்டி சீனியோடு, அவசரத்தில் குடித்துவிட்டு ஓடும் வீட்டுக்கு நம்பிக்கையான கடையின் தூள் போதும். புகைக்கு மூச்சு முட்டுகிறவர் வீட்டில் இருந்தாலும் அப்படியே.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு தரத்துக்கு | நேரம் | சீர் | பார்க்க, கேட்க | கரண்ட் இல்லாமல் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|---|---|
| இரும்புத் தாச்சி | 250 கிராம் | 15 நிமிடம் | குறைவு | இரண்டும் நன்று | முடியும் | கை வலி, முதல் சில தரம் வீண் |
| கை உருளை | 200–300 கிராம் | 12–18 நிமிடம் | நடுத்தரம் | சத்தம் மட்டும் (வலை என்றால் நிறமும்) | முடியும் | பர்னர் துப்புரவு, காற்று மறைப்பு |
| பொப்கோர்ன் மெஷின் | 80 கிராம் | 4–7 நிமிடம் | நன்று | நிறம் நன்று, சத்தம் ஓரளவு | முடியாது | பல தரம் வறுக்கும் நேரம், உருகும் மூடி |
| மின்சார மெஷின் | 120–450 கிராம் | 8–20 நிமிடம் | மிக நன்று | வகையைப் பொறுத்தது | முடியாது | ட்ரான்ஸ்போமர், உதிரிப்பாகம் |

## எந்த வழியிலும் வரும் செலவுகள்

முதலாவது கொட்டை. நான் யாழ்ப்பாணத்துப் பலசரக்குக் கடைகளில் வாங்கியதெல்லாம் சிறிய, உருண்ட றொபஸ்ரா இனக் கொட்டை. அராபிக்கா என்ற மற்ற இனம் வேண்டுமென்றால் மலைநாட்டில் இருந்து எடுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் கண்டிச் சீமை முழுக்க அராபிக்காவாக இருந்தது. 1869 இல் இலங்கையில் கண்ட இலைத்துரு நோய்தான் அந்தத் தோட்டங்களை அழித்து, மலையைத் தேயிலைக்குக் கொடுத்தது. றொபஸ்ரா அந்த நோயைத் தாங்கும், கசப்பும் கனதியும் கூட. பழகுவதற்கு மலிவான றொபஸ்ராவே நல்லது, கருகினால் மனம் நோகாது. வறுக்க முதல் சுளகில் பரப்பிக் கல்லும் கறுத்த கொட்டையும் பொறுக்குங்கள். ஒரு கல் போதும், கிறைண்டர் அலகு போய்விடும்.

ஆற வைக்க மேசை விசிறியும் பெரிய இரும்பு அரிதட்டும் காணும். நேரே சுளகில் கொட்டினால் பனையோலை கருகும், அந்த மணம் கோப்பியில் ஏறும். ஒரு நிமிடம் அரிதட்டில் குலுக்கிவிட்டுச் சுளகுக்கு மாற்றிப் புடைத்தால் மிச்சத் தோலும் பறந்துவிடும். பிறகு ஒரு நாளாவது விட்டு வையுங்கள். புதிதாய் வறுத்த கொட்டை காற்று விட்டுக்கொண்டிருக்கும், இறுக்கி மூடினால் போத்தல் மூடியைத் தூக்கும். மாரி காலத்தில் மட்டும் ஈரத்துக்குப் பயந்து, அடுத்த நாளே இறுக மூடுவது நல்லது.

கடைசியாக அரைப்பது. எல்லாரும் மறப்பது இதை. வறுத்து முடித்த முதல் அரைக் கிலோவை நான் ஒரு மில்லுக்குக் கொண்டு போனேன். "இப்பதான் தூள் அரைச்சது, ஒரு பிடி அரிசி போட்டுத் துப்புரவாக்கிட்டன், பயப்பிடாதேங்கோ" என்றார் மில்காரர். வீட்டுக்கு வந்து ஊற்றிக் குடித்தால் முதல் மிடறு நன்றாக இருந்தது. இரண்டாவது மிடறு தொண்டையில் இறங்கும்போதுதான் செத்தல் மிளகாய் எழும்பி வந்தது. சித்தப்பா மட்டும் "தடிமனுக்கு நல்லது" என்று இரண்டு பேணி குடித்தார்.

உரலில் இடிக்கலாம், மல்லிக் கோப்பிக்கு அதுதான் சுவை. அரிதட்டால் அரித்து, கப்பியைத் திரும்ப இடிக்க வேண்டும். வீட்டுக் கிறைண்டரில் அரைத்தால் பாதி மா, பாதி குறுணல். வெறும் கோப்பிக்கு இரண்டுமே சிரமம்: மாவாய்ப் போனது கசக்கும், குறுணலில் சாறு இறங்காது.

ஆகவே கொக்குவில்காரருக்கு என் பதில்: அண்ணாவிடம் வறுக்கும் மெஷின் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்புப் பற்கள் உள்ள, கையால் சுற்றி அரைக்கும் நல்ல கோப்பி அரைவை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். அதற்கு வோல்ட் இல்லை, ஹேர்ட்ஸ் இல்லை, கைப்பைக்குள் அடங்கும். அவர் வந்து இறங்குவதற்குள் தாச்சியில் ஒரு கிலோ றொபஸ்ராவை நாலு தரமாக வறுத்துப் பார்த்திருங்கள். முதல் இரண்டு தரத்தையும் வீட்டில் யாருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டாம்.